ஐடி பட்டமும் கல்விக்கடனும்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். “சார், உங்க பையனுக்கு எங்க காலேஜ்ல ஐடி சீட் ஒண்ணு இருக்கு. இந்த வாரமே அட்வான்ஸ் கட்டிட்டா உறுதி. பீஸ் பத்திக் கவலையே வேண்டாம், லோன் நாங்களே ஏற்பாடு பண்ணித் தர்றோம். படிச்சு முடிச்சதும் நல்ல பேக்கேஜ்.”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லோன் பேப்பரில் கையெழுத்துப் போடப்போவது போன் செய்தவர் இல்லை. நீங்களும் உங்கள் பிள்ளையும்தான். கல்விக்கடனில் மாணவர் கடன் வாங்குபவர், அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளி. பிள்ளைக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தேதி வந்துவிடும்.

அதற்காக ‘கடன் வாங்காதீங்க’ என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. கடன் வாங்கிப் படித்து, வீட்டையே தூக்கி நிறுத்திய பிள்ளைகள் நம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு வாங்கினால் தாங்கும்? அதைக் கண்டுபிடிக்கக் கையில் இருக்கும் செல்போனே போதும். கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எந்தப் பட்டம்? எத்தனை வருடம்?

நீங்கள் போனில் பட்டா நகல் எடுக்கிறீர்கள், மின் கட்டணம் கட்டுகிறீர்கள். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு தகவல் அமைப்பு. விற்பனை, சரக்கிருப்பு, சம்பளம், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, பிரித்து, அறிக்கையாகத் தருவதுதான் இந்தத் துறையின் வேலை. நம் மாநிலத்தில் இதற்குப் பல கதவுகள் உண்டு. நான்கு வருட பி.டெக். தகவல் தொழில்நுட்பம் ஒன்று. மூன்று வருட பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.காம். தகவல் அமைப்பு மேலாண்மை போன்றவை இன்னொன்று.

பெரிய ஐடி நிறுவனங்கள் மூன்று வருடப் பட்டதாரிகளையும் எடுக்கின்றன. தொடக்கச் சம்பளம் பி.டெக். முடித்தவரை விடக் குறைவாக இருக்கும். ஆனால் படிப்புச் செலவும் கடனும் அதைவிடக் குறைவு. ‘எது பெரிய படிப்பு’ என்று பார்ப்பதோடு ‘எந்தப் படிப்புக்கு எவ்வளவு கடன்’ என்றும் பார்க்க வேண்டும்.

கடன் எப்படி வளர்கிறது?

‘படிக்கிற வரைக்கும் ஒண்ணும் கட்ட வேண்டாம்’ என்று சொல்வார்கள். உண்மைதான். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி உண்டு. தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை.

ஒரு உதாரணம். நான்கு வருட பி.டெக். படிப்புக்கு மொத்தம் ரூ.4 லட்சம் கடன். வங்கி இதை ஒரே நாளில் தராது; வருடத்துக்கு ரூ.1 லட்சம் வீதம் நேராகக் கல்லூரிக்கு அனுப்பும். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் வங்கியின் விகிதம் கூடலாம், குறையலாம், அதைப் போட்டுக் கணக்கிடுங்கள்.) தவணை தொடங்கும் வரை தனி வட்டிதான்.

முதல் வருடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கு 5 வருட வட்டி: ரூ.50,000.
இரண்டாம் வருட லட்சத்துக்கு 4 வருட வட்டி: ரூ.40,000.
மூன்றாம் வருட லட்சத்துக்கு 3 வருட வட்டி: ரூ.30,000.
நான்காம் வருட லட்சத்துக்கு 2 வருட வட்டி: ரூ.20,000.

மொத்தம் ரூ.1,40,000. ஆக, முதல் தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் ரூ.4 லட்சம் இல்லை, ரூ.5,40,000.

இதை 10 வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் ரூ.7,136. மொத்தம் கட்டுவது சுமார் ரூ.8.56 லட்சம். ‘தவணை கம்மியா இருக்கட்டும்’ என்று 15 வருடம் போட்டால் மாதம் சுமார் ரூ.5,803 ஆகும், ஆனால் மொத்தம் சுமார் ரூ.10.45 லட்சம் கட்டியிருப்பீர்கள். மாதம் ரூ.1,300 குறைவதற்காகக் கடைசியில் ஏறத்தாழ ரூ.1.88 லட்சம் கூடுதல். அந்தப் பையனுக்குக் கல்யாணமாகி, அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் அப்பாவின் படிப்புக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்.

பேக்கேஜ் வேறு, கைக்கு வருவது வேறு

இனி வரவுப் பக்கம். பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்குப் பல வருடங்களாகவே ஆண்டுக்கு ரூ.3 லட்சம் முதல் ரூ.4 லட்சம் என்ற அளவில்தான் சம்பளம் நிற்கிறது. சிலருக்கு ஏழு, எட்டு, பத்து லட்சமும் கிடைக்கிறது. விளம்பரப் பலகையில் படம் போடுவது அவர்களுக்குத்தான். கூட்டத்தில் நடுவில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே உங்கள் கணக்குக்குத் தேவை.

ரூ.3.60 லட்சம் பேக்கேஜ் என்றால் மாதம் ரூ.30,000 கைக்கு வரும் என்று நினைக்கிறோம். வராது. சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதைப் பிரித்துப் பாருங்கள்.

அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.15,000 என்றால், நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு ஆண்டுக்கு ரூ.21,600. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். இன்னொரு ரூ.21,600. பணிக்கொடைக்கு ஒதுக்குவது சுமார் ரூ.8,700. வேலைத்திறனைப் பார்த்து வருடக் கடைசியில் தரும் தொகை 10 சதவீதம் என்றால் ரூ.36,000, அது மாதாமாதம் வராது. இவற்றைக் கழித்தால் மீதி ரூ.2.72 லட்சம். மாதத்துக்கு ரூ.22,600 சொச்சம். தொழில் வரி, காப்பீடு போக சுமார் ரூ.22,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

பி.எஃப். பணம் எங்கும் போய்விடாது, அது உங்கள் சேமிப்புதான். ஆனால் மாதத் தவணையை அதிலிருந்து கட்ட முடியாது.

அந்த ரூ.22,000-ல் வெளியூர்ப் பிள்ளை சென்னையிலோ கோவையிலோ தங்க வேண்டும். விடுதியும் சாப்பாடும் ரூ.8,000, பஸ், போன், துணிமணி ரூ.3,000 என்று சிக்கனமாகவே போடுவோம். மீதி ரூ.11,000. அதில் தவணை ரூ.7,136 போனால், வீட்டுக்கு அனுப்ப ரூ.4,000 கூட நிற்காது. முதல் இரண்டு, மூன்று வருடம் இப்படித்தான் இருக்கும் என்பதைத் தெரிந்தே சேருங்கள். ‘பையன் வேலைக்குப் போனதும் வீட்டுக் கஷ்டம் தீரும்’ என்று எதிர்பார்த்திருக்கும் வீட்டில், இது தெரியாமல்தான் மனஸ்தாபம் வருகிறது.

மூன்று கடன்கள், மூன்று நிலைமைகள்

வட்டி 10 சதவீதம் என்ற அதே கணக்கில் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஒன்று: மூன்று வருட பி.சி.ஏ., மொத்தக் கடன் ரூ.1.20 லட்சம். தவணை தொடங்கும்போது ரூ.1.56 லட்சம். ஐந்தே வருடத்தில் கட்டினாலும் மாதம் சுமார் ரூ.3,300. கைக்கு ரூ.15,000 தான் வருகிறது என்றாலும் சமாளித்துவிடலாம்.

இரண்டு: பி.டெக்., கடன் ரூ.4 லட்சம். 10 வருடத்துக்கு மாதம் சுமார் ரூ.7,136. கைக்கு ரூ.22,000 வந்தால் இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இழுத்துப் பிடித்தால் முடியும்.

மூன்று: நிர்வாக ஒதுக்கீட்டிலோ அதிகக் கட்டணம் உள்ள இடத்திலோ சேர்ந்து, கடன் ரூ.10 லட்சம். தவணை தொடங்கும்போது ரூ.13.50 லட்சம். 10 வருடத்துக்கு மாதம் சுமார் ரூ.17,840. 15 வருடம் போட்டாலும் ரூ.14,500. கைக்கு ரூ.22,000 வரும் பிள்ளை இதைக் கட்ட முடியாது. அப்போது கட்டப்போவது யார்? இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட பெற்றோர்.

மூன்று பேருமே கடைசியில் ஒரே நிறுவனத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நாலு வருட அனுபவத்துக்குப் பிறகு எந்தப் பட்டம் என்று யாரும் பெரிதாகக் கேட்பதும் இல்லை. தவணை மட்டும் மூன்று பேருக்கும் வேறுவேறாகவே இருக்கும்.

படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால்?

இதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்குப் போய் மாதம் ரூ.14,000 வாங்கும் பிள்ளை, நான்கு வருடத்தில் ரூ.6.72 லட்சம் சம்பாதித்திருப்பார். பட்டதாரிக்குக் கைக்கு வரும் ரூ.22,000-க்கும் இதற்கும் வித்தியாசம் மாதம் ரூ.8,000. அதில் ரூ.7,136 தவணைக்கே போய்விடுகிறது. ஆரம்ப வருடங்களில் பட்டத்தால் கிடைக்கும் கூடுதல் பணத்தை முழுக்க வங்கிதான் வாங்கிக்கொள்கிறது.

அப்புறம் ஏன் படிக்க வேண்டும்? ஐந்தாம், ஆறாம் வருடத்தில் இருவரின் சம்பளமும் ஒரே வேகத்தில் ஏறாது என்பதால்தான். தவணை பத்து வருடமும் ஏறக்குறைய அதே தொகை; வேலை கற்றுக்கொண்ட பட்டதாரியின் சம்பளம் ஏறிக்கொண்டே போகும். ஆக, படிப்பு லாபமா நஷ்டமா என்பது முதல் மூன்று வருடத்தைத் தாண்டுவதில் இருக்கிறது. கடன் சின்னதாக இருந்தால் தாண்டிவிடலாம். பெரிதாக இருந்தால், கிடைத்த முதல் வேலையை விட முடியாமல், புதிதாக எதையும் கற்க நேரமில்லாமல் அங்கேயே நின்றுவிட நேரும்.

கல்லூரி சொல்லும் எண்ணைச் சோதிப்பது எப்படி?

‘90 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று போட்டிருந்தால், எதில் 90 என்று கேளுங்கள். பல இடங்களில் அரியர் இல்லாத, குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் உள்ளவர்களை மட்டும் எண்ணி அந்தச் சதவீதத்தைச் சொல்கிறார்கள்.

சோதிக்க நல்ல வழி இருக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்க வேண்டும். கல்லூரியின் பெயரோடு ‘என்.ஐ.ஆர்.எஃப்.’ என்று போனில் தேடினால் அந்த பி.டி.எஃப். கிடைத்துவிடும். அதில் ஐந்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் வருடம் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், மேல்படிப்புக்குப் போனவர்கள், இடைநிலைச் சம்பளம்.

இடைநிலைச் சம்பளம் என்றால், வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்து, நடுவில் நிற்பவரின் சம்பளம். ஒருவருக்கு ரூ.40 லட்சம் கிடைத்தாலும் இந்த எண் ஏமாறாது. சராசரியில் அந்த ஒருவரே எல்லோரையும் தூக்கிக் காட்டிவிடுவார்.

ஒரு மாதிரிக் கணக்கு. சேர்ந்தவர்கள் 120. குறித்த காலத்தில் முடித்தவர்கள் 84. மேல்படிப்புக்குப் போனவர்கள் 10. வேலை கிடைத்தவர்கள் 52. கல்லூரி ‘74 பேரில் 52 பேர், அதாவது 70 சதவீதம்’ என்று சொல்லலாம். தப்பில்லை. ஆனால் பணம் கட்டிச் சேரப்போகும் உங்களுக்கு உரிய எண் 120-ல் 52. நூற்றுக்கு 43. குறித்த காலத்தில் முடிக்காத 36 பேருக்கும் கடன் இருந்திருக்கும் இல்லையா?

பொறியியல் கல்லூரி என்றால் இன்னொன்றும் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும் முன் அதைத் திறந்து பார்ப்பது பத்து நிமிட வேலை.

தரவரிசையில் பங்கேற்காத கல்லூரியா? போன வருடம் முடித்த மாணவர்கள் நாலு பேரின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். “ஆஃபர் லெட்டர் வந்துச்சா, வேலைக்குச் சேர்ந்தாச்சா, கைக்கு எவ்வளவு வருது?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆஃபர் வந்தும் மாதக்கணக்கில் சேரும் தேதி வராமல் காத்திருப்பவர்கள் உண்டு.

கடனையே சின்னதாக்கும் வழிகள்

கடன் வாங்குவதற்கு முன் வாங்கவேண்டியது சான்றிதழ்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். கலந்தாய்வு தொடங்கிய பிறகு ஓடாமல், ரிசல்ட் வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பட்டதாரி சலுகை: தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர்கள் என்று குடும்பத்தில் யாருமே பட்டதாரி இல்லை என்றால், பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இது கிடையாது.

7.5 சதவீத ஒதுக்கீடு: 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் முன்னுரிமை. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தகுதி இருந்தும் தெரியாமல் போய் லோன் வாங்குவதைப் போல வருத்தமான விஷயம் வேறில்லை.

மாதம் ரூ.1,000: அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதில் வருகிறார்கள். இந்த ஆயிரம் ரூபாய் கடன் வட்டிக்கு எப்படி உதவும் என்று கீழே சொல்கிறோம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்கள் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.50 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்கட்டும்.

இவற்றைக் கழித்த பிறகு மீதி எவ்வளவோ, அதற்கு மட்டும் கடன் கேளுங்கள். ‘பத்து லட்சம் வரைக்கும் கிடைக்குதாமே’ என்பதற்காகப் பத்து லட்சமும் வாங்க வேண்டியதில்லை.

வட்டியைச் சின்னதாக்கும் வழிகள்

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.50 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொழில்நுட்ப, தொழில்சார் படிப்புகளுக்கு, படிப்புக் காலம் மற்றும் ஓராண்டு வரைக்கும் முழு வட்டியையும் மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் இருக்கிறது. நம் உதாரணத்தில் அந்த ரூ.1.40 லட்சம் அப்படியே மிச்சம். தவணை ரூ.7,136-லிருந்து ரூ.5,286 ஆகக் குறையும். உங்கள் கல்லூரியும் படிப்பும் அதில் வருகிறதா என்று சேரும் முன்பே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னணியில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருபவர்களுக்கானது. சொத்து ஈடும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ இல்லை என்றால், ரூ.10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை விடுமுறைக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை அதன் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

எந்த மானியமும் கிடைக்கவில்லையா? படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். நம் உதாரணத்தில் முதல் வருடம் மாதம் சுமார் ரூ.833 தான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் அதற்குச் சரியாக இருக்கும். அடுத்தடுத்த வருடங்களில் ரூ.1,667, ரூ.2,500, ரூ.3,333 என்று ஏறும். முடிந்த வரை கட்டலாம். முழுக்கக் கட்டினால் கடைசியில் சுமார் ரூ.82,000 மிச்சம். இப்படிக் கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டிக் குறைப்பும் வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இருக்கிறது. மாணவிகளுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் அரை சதவீதம் குறைக்கின்றன. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

வங்கியில் என்ன கேட்பது?

ரூ.4 லட்சம் வரையான கல்விக்கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. விண்ணப்பத்தை இணையதளம் வழியாகப் போட்டு, ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிளைக்குப் போய் இந்த ஐந்தையும் கேளுங்கள்: வட்டி எத்தனை சதவீதம், அது மாறுமா? தவணை எந்த மாதம் தொடங்கும்? அன்றைக்கு மொத்த பாக்கி எவ்வளவு இருக்கும்? முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? காப்பீடு என்று தனியாக ஏதாவது சேர்க்கிறீர்களா?

கடன் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரைப் பார்க்கலாம். மாவட்ட நிர்வாகம் நடத்தும் கல்விக்கடன் முகாமுக்கும் போகலாம். வங்கிக்கே புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம். விவரத்துக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

வேலை தாமதமானால்?

ஓடி ஒளியாதீர்கள். தவணை மூன்று மாதம் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். சிபில் மதிப்பெண் மாணவருக்கும் குறையும், பெற்றோருக்கும் குறையும். நாளைக்கு நகைக்கடன், வீட்டுக்கடன் எதற்குப் போனாலும் அது முன்னால் வந்து நிற்கும். தவணை தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே வங்கிக்குப் போய், ‘இன்னும் வேலை கிடைக்கவில்லை’ என்று எழுத்தில் கொடுத்து, அவகாசம் கேளுங்கள். வேலையில்லாத இடைவெளிக்குத் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளின் திட்டத்திலேயே இடம் இருக்கிறது.

‘வேலை உறுதி, முதலில் டெபாசிட் கட்டுங்கள்’ என்று வரும் வாட்ஸ்அப்புக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பயிற்சி வேண்டுமென்றால், கல்லூரி மாணவர்களுக்கு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பயிற்சிகள் கிடைக்கின்றன. மூன்றாம் வருடத்திலேயே அதைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, தலைகீழாக ஒரு கணக்கு

‘கடன் எவ்வளவு கிடைக்கும்’ என்று தொடங்காமல், சம்பளத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். கல்லூரியின் இடைநிலைச் சம்பளத்தை எடுங்கள். அதை 12-ஆல் வகுத்து, அதில் முக்கால் பங்கைக் கைக்கு வருவதாக வையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது.

இடைநிலைச் சம்பளம் ரூ.3.60 லட்சம் என்றால் மாதம் ரூ.30,000, கைக்கு ரூ.22,500, தவணை அதிகபட்சம் ரூ.7,500. பத்து வருடத்தில் முடிய வேண்டுமென்றால், நான்கு வருடப் படிப்புக்கு நீங்கள் வாங்கக்கூடிய கடன் சுமார் ரூ.4.20 லட்சம். முழு வட்டி மானியம் கிடைத்தால் சுமார் ரூ.5.60 லட்சம். இதற்கு மேல் ஒரு கல்லூரி கேட்கிறது என்றால், சேமிப்பிலிருந்து ஈடுகட்ட முடியுமா என்று பாருங்கள். இல்லையென்றால், கட்டணம் குறைந்த இன்னொரு கல்லூரியையோ மூன்று வருடப் பட்டத்தையோ பாருங்கள். மானம் போகிற விஷயம் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கைப் பெற்றோர் மட்டும் போடாதீர்கள். பிள்ளையை பக்கத்தில் உட்காரவைத்து, போனை அவர் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பத்து வருடம் கட்டப்போவது அவர். அந்த எண்ணை அவரே போட்டுப் பார்த்திருந்தால், இரண்டாம் வருடம் அரியர் வைக்கும் முன் ஒரு தடவை யோசிப்பார். அடுத்த முறை அந்த போன் வரும்போது, “ஐடி பிரிவோட இடைநிலைச் சம்பளம் எவ்வளவுங்க?” என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.